கோட்டுக்கு அப்பால் முந்நூறு மீட்டர்

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடுதல். இன்னொரு தம்ளர் குடித்தால் எறும்புகள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். லாரித் தொழிற்சாலையின் சோதனைத் திடலில் முப்பத்தாறு வருடம் வேகம் அளந்தவன் நான். என் முன்னால் ஒரு ஆமை நடந்தால்கூட, மணிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன்.

ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக ஏதாவது வேண்டும். சிலர் செடி வளர்ப்பார்கள். எனக்கு மாப்பிள்ளை வாய்த்தார்.

மாப்பிள்ளைக்கு லாரிப் பந்தயத்தில் பைத்தியம். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் இருக்கிறதே, அங்கேதான் ஞாயிறு தோறும் கூடுவார்கள். பின்பெட்டியைக் கழற்றிய ஆறு டன் லாரி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதுதான் பந்தயம். கோட்டைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்ள முந்நூறு மீட்டர். அதற்கப்புறம் சிமென்ட் சுவர்.

அந்த லாரியில் நான் ஒரு டப்பா மாட்டினேன். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். வினாடிக்குப் பத்து முறை வேகத்தை எழுதி வைக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கி, துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டே போனால் தூரம் வந்துவிடும். 402 தொடும் இடத்தில் மணி பார்த்தால், அதுதான் பந்தய நேரம். ஓடுதளத்துக் கடிகாரமே தேவையில்லை. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறு நான் சொன்னது 17.8 வினாடி. கடிகாரச் சீட்டில் வந்தது 17.4.

மாப்பிள்ளை சிரித்தார். அவர் சிரித்தால் மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். சீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு டீக்கடைக் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"முப்பத்தாறு வருஷ அனுபவம்! இந்த லட்சணத்துல அளந்துதான் ரோட்டுல அத்தனை லாரி ஓடுதாம்!"

மெக்கானிக் சிரித்தான். முன்பின் தெரியாதவர்கள் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். என் மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அது சும்மா சிரிப்புதான், அதில் ஒன்றுமில்லை.

தவறு எங்கே என்று அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் திடலில் சக்கரம் அசைந்த நொடியிலிருந்து எண்ணுவோம். இவர்களுக்கோ சக்கரத்தின் குறுக்கே ஒரு ஒளிக்கதிர். சக்கரம் ஓரடி உருண்டு கதிரை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஓரடி உருள ஆறு டன் லாரிக்கு வினாடியில் பத்தில் நாலு பங்கு பிடிக்கிறது. என் கணக்கு சரி. அவர்கள் தாமதமாக எண்ணுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ப் படம் வரைந்து விளக்கினேன்.

"கடிகாரமே தப்புன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான் மாமா," என்றார்.

அன்றிலிருந்து என் பெயர் 'பாயிண்ட் நாலு மாமா'. அவருடைய கைபேசியில் அந்தப் பெயர்தான். சம்பந்தி வீட்டு விசேஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பந்திக்குக் கூப்பிட்டார்கள். பால்காரர் தாமதமாக வந்துவிட்டு, "பாயிண்ட் நாலுதானே சார் லேட்டு," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்குக் கண்ணாடித் தம்ளர் ஒன்று என் கையிலேயே உடைந்தது உண்மை. அது பழைய தம்ளர்.

டப்பாவை மட்டும் நான் கழற்றவில்லை. அது கோட்டோடு நிற்காது சார், லாரி நிற்கும் வரை எழுதும். அதனால்தான் பிரேக்கைக் கவனித்தேன். ஓட்டத்துக்கு ஓட்டம் அது தளர்ந்துகொண்டே வந்தது. சூடேறிய பிரேக் அப்படித்தான். நடுவில் முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் பழைய பலம் திரும்பும். ஆறவிடாவிட்டால் முதல் ஓட்டத்தில் 122 மீட்டரில் நிற்கும் லாரி, இரண்டாவதில் 161, மூன்றாவதில் 211. வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நல்ல மனதோடுதான் போனேன்.

அவர் பார்க்கவே இல்லை. "கோட்டுக்கு அப்புறம் என்ன ஆனா உங்களுக்கென்ன மாமா? டைம மட்டும் சொல்லுங்க. அதுவே உங்களுக்குச் சரியா வரமாட்டேங்குது."

சரி என்று வீட்டுக்கு வந்து, கத்தரிக்கோலால் வரைபடத்தைக் கோட்டோடு வெட்டினேன். கோடு வரைக்குமான இடப்பக்கம் அவருக்கு, பிரேக் இருக்கும் வலப்பக்கம் எனக்கு. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பார்கள். நான் சின்னவர் சொன்னதையும் கேட்பவன்.

போன ஞாயிறு காலை, கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஓட்டத்துக்கு முன்னாடியே நேரத்தை எழுதிக் கொடுக்கிறேன் மாப்ளே. ஒரு வினாடில நூறுல மூணு பங்கு தள்ளிப் போனாலும் தப்புன்னு ஒத்துக்கறேன்."

முதல் ஓட்டம் சரியாக வந்தது. "குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி," என்றார் மாப்பிள்ளை. இரண்டாவதும் வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாய் சுருங்கவில்லை. "அஞ்சு தடவையும் இப்படியே வரட்டும், மைக்குல மன்னிப்பு கேக்கறேன். உங்க காலைத் தொட்டு."

ஐந்து என்று சொன்னது அவர்தான் சார். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் நான்கு என்றோ ஆறு என்றோ சொல்லவில்லை.

நடுவில் ஆறவிட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னான். "பிரேக் ட்ரம் கருகுற வாசனை அடிக்குது பெரியவரே, அரை மணி நேரம் நிப்பாட்டலாம்." நான் சொன்னேன்: "இன்ஜின் ஆறிட்டா டைம் வராது. உடனே எடுக்கச் சொல்லு." அது உண்மையில்லை. இன்ஜின் சற்று ஆறினால் நேரம் நன்றாகவே வரும். முப்பத்தாறு வருட அனுபவம் சொன்னால் அவன் எதிர்த்துப் பேசுவானா? மூன்றாவதும் நான்காவதும் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஓடின. நேரம் இரண்டிலும் அச்சு மாதிரி விழுந்தது. நான்காவதில் நிற்க 278 மீட்டர் எடுத்தது. சுவருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு லாரி நீளம் இரண்டு முறை போகும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை இறங்கி என்னிடம் வந்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வை.

"மாமா, பெடல் ரொம்ப உள்ள போகுது. டப்பாவுல என்ன காட்டுது?"

முதல் தடவையாக அவர் என்னை நம்பிக் கேட்டார். அதை நான் மறைக்கப் போவதில்லை. பதில் என் சட்டைப் பையில் இருந்தது: ஐந்தாவது ஓட்டத்துக்கு 360 மீட்டர்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. சுவரைப் பாத்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றார்.

ஐந்தாவதுக்கு 17.41 என்று எழுதி மடித்தேன். லாரி கிளம்பும் கோட்டுக்கு நகர்ந்தது. அப்போது பாப்பா கொட்டகையிலிருந்து ஓடினாள். "அப்பா, கடைசி ரவுண்டு! நானும் போறேன். நீங்க ஜெயிக்கறத உள்ள இருந்தே பாக்கறேன்!" இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்; பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் எப்போதும் பெல்ட் போடச் சொல்லி வளர்த்த பெண்.

பச்சை விளக்கு விழ நாற்பது வினாடி இருந்தது. மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நீங்கள் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த நாற்பது வினாடியைத்தான். சொல்கிறேன். நான் சும்மா நிற்கவில்லை. பாப்பா அறுபது கிலோ இருப்பாள். ஆறு டன்னில் நூறில் ஒரு பங்கு. நேரத்தில் ஒரு வினாடியின் நூறில் ஆறு பங்கு கூடும். நான் ஒத்துக்கொண்டதோ மூன்று பங்குதான். அப்படியே விட்டிருந்தால் அத்தனை பேர் முன்னால் மறுபடியும் தப்பாகியிருப்பேன்.

சீட்டைப் பிரித்தேன். 17.41ஐ அடித்துவிட்டு 17.47 என்று எழுதினேன். பாப்பா ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். பாப்பா மறுநாள் மதியம் வரை இருந்தாள். என் வீட்டுக்காரி என்னைப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கணக்கு வராது.

கடிகாரச் சீட்டையும் நான் எழுதிய சீட்டையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். இரண்டிலும் 17.47. ஒரு பிசிறு கிடையாது. கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். கோபக்காரனுக்கு எண் இவ்வளவு சுத்தமாக வராது.