இன்னும் ஆறு நாள் பாக்கி

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, பள்ளிக்குழுத் தலைவர் அவர்களே, என் சக ஆசிரியர்களே, ஒன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், அக்காவின் கணவரான மாமா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். கொஞ்சம் கோபக்காரி. இது உங்கள் பிள்ளைகள் சொல்லி உங்களுக்கே தெரியும். அழுதுகொண்டே பேசுவேன் என்று யாராவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள். அழ வேண்டியதை மூன்று நாளாக வீட்டில் அழுது தீர்த்துவிட்டேன். இன்று பெருமை பேச வந்திருக்கிறேன்.

நம் பதினைந்து நாள் டீச்சர், நான் அக்கா என்று கூப்பிட்டவர், போய்விட்டார். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்ததே நான்தான், அதுவும் கேலியாக. பள்ளி திறந்த முதல் பதினைந்து நாள் ஒன்றாம் வகுப்பில் அவர் புத்தகத்தைத் தொட மாட்டார். வேறு என்ன சொல்லிக்கொடுத்தார்? பையை எந்த ஆணியில் மாட்டுவது, செருப்பை எப்படி ஜோடியாக வைப்பது, கழிப்பறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து எப்படித் திறப்பது, பென்சில் சீவிய குப்பையை எங்கே கொட்டுவது. ஒரு நாளைக்கு ஒரு பாடம். பத்து தடவை செய்துபார்ப்பார்கள். பதினோராவது தடவையும் செய்யச் சொல்வார்.

தையல்கார அப்பா ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இதோ, மூன்றாவது பெஞ்சில் தலைகுனிந்து சிரிக்கிறாரே, அவர்தான். "எழுத்து கத்துக்க அனுப்புனா, சாப்பாட்டு டப்பா திறக்கவா சொல்லிக்கொடுக்குறீங்க?" என்று கேட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்க பொண்ணு டப்பா ரொம்ப இறுக்கம். திறக்கத் தெரியாம நாலு நாளா சாப்பிடாமயே வீட்டுக்குக் கொண்டுபோறா. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

டப்பாதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து எப்படி ஏறும்?

ஆனால் அப்போது எனக்கு இதெல்லாம் புரியவில்லை. பதிமூன்று வருடத்துக்கு முன்பு நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஒன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் முதல் மாதமே உயிரெழுத்து முழுவதும் எழுதினார்கள். அக்காவின் 'அ' பிரிவு அப்போதுதான் 'அ'வில் நின்றது. இப்படி வந்தால் அடுத்த வருடம் என் தலையில்தானே விடியும் என்று பள்ளிக்குழுவுக்குப் புகார் எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? குழுவின் முன்னால் எழுந்து நின்றார். "மூணு மாசம் கழிச்சு ரெண்டு பிரிவுக்கும் பரீட்சை வைங்க. என் பிள்ளைங்க பின்தங்கினா, ஒண்ணாம் வகுப்பையே விட்டுடறேன்" என்றார். அந்த வகுப்புதான் அவருக்கு உயிர். அதைத்தான் பணயம் வைத்தார்.

பரீட்சை வைத்தது நான். 'ஆ' பிரிவுக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். அரைமணி நேரம் சத்தமே இல்லை. ஆகா, என்ன ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து 'அ' பிரிவு. தாளைக் கொடுத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஒரு பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலைமேல் கையை வைத்தது. பிறகு இன்னொன்று. பார்க்கப் பார்க்க முப்பத்தாறு பிள்ளைகளும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன விளையாட்டு இது?" என்று கத்தினேன்.

முதல் பெஞ்சில் இருந்த அந்தத் தையல்காரர் மகள் எழுந்தாள். "தெரியலை டீச்சர். தெரியலைன்னா இப்படித்தான் வைக்கணும். இது எங்களுக்கு இன்னும் சொல்லித்தரலை" என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு மாதத் தேர்வுத் தாள்! ஒன்றாம் வகுப்புத் தாளையும் என் வகுப்புத் தாளையும் ஒரே வெள்ளை நூலால் தனித்தனிக் கட்டாகக் கட்டி, மாற்றித் தூக்கி வந்திருக்கிறேன். 'ஆ' பிரிவுக்கு ஓடினேன். நான்கு பிள்ளைகள் சத்தமில்லாமல் அழுதிருந்தார்கள். பலர் கேள்வியையே விடையாக எழுதி வைத்திருந்தார்கள். அரைமணி நேரம் ஒரு பிள்ளைகூட என்னிடம் தெரியவில்லை என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளையோ அவர்கள் டீச்சரையோ குறை சொல்ல மாட்டேன். தெரியவில்லை என்று சொல்லலாம் என்பதை நாங்கள் யாருமே சொல்லிக்கொடுத்ததில்லை. அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார், பதினோராம் நாள் பாடமாக.

மறுநாள் சரியான தாளோடு பரீட்சை நடந்தது. எந்தப் பிரிவு முன்னால் வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த மாலையே புகாரைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். அடுத்த வருடம் 'ஆ' பிரிவும் பதினைந்து நாளுக்கு மாறியது. மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா சிரித்தார். "ஒரு கட்டுக்குச் சிவப்பு நூல், ஒரு கட்டுக்கு நீல நூல் போடு. உனக்கும் ஒரு பதினஞ்சு நாள் வேணும் போலிருக்கே" என்றார்.

போன வியாழக்கிழமை ஒன்பதாம் நாள் பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று மாலையே மாரடைப்பு. மாமா, உங்களிடம் சொல்கிறேன், அக்கா வேலையில் இருக்கும்போதே போனார். பாதியில் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் செருப்பை ஜோடியாக வைக்கும் ஒவ்வொரு வாலிபனும் அவர் முடித்த வேலை. தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லும் ஒவ்வொரு பெண்ணும் அவர் முடித்த வேலை. அந்தத் தையல்காரர் மகள் இன்று நர்ஸ் படிப்பு முதலாம் ஆண்டு. தெரியாததைக் கேட்டுவிட்டு மருந்து கொடுக்கும் நர்ஸ் நமக்கு வேண்டாமா?

தலைவர் அவர்களே, நேற்று நீங்கள் சொன்னீர்கள்: "ஒன்பது நாள் போயிடுச்சு. புது டீச்சர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்துடுங்க." மரியாதையோடு சொல்கிறேன், முடியாது. இன்னும் ஆறு நாள் பாக்கி. இன்று காலை தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஒன்றாம் வகுப்பை நான் வாங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்பை நம் கணக்கு சார் பார்த்துக்கொள்வார். புத்தகக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பதினாறாம் நாள் காலையில்தான் அது திறக்கும்.

நாளை பத்தாம் நாள். அக்காவின் நோட்டை மாமா என்னிடம் கொடுத்தார். பத்தாம் நாள் பாடம் என்னவென்று பார்த்தேன்: 'வகுப்புக்கு வராதவரைப் பற்றிப் பேசுதல்'. கீழே மூன்று வரி எழுதியிருக்கிறார். அவர் எங்கே போனார் என்பதை மறைக்கக் கூடாது. அவர் இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் செய்த வேலையை இனி யார் செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்.

நாளை காலை அந்த முப்பத்து நான்கு பிள்ளைகள் முன்னால் நின்று, எதையும் மறைக்காமல் சொல்வேன். அவர் நாற்காலியைப் பார்த்துச் சொல்வேன். பிறகு கேட்பேன்: கதவை யார் திறப்பது? கரும்பலகையை யார் துடைப்பது? அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது?

ஒன்பது நாள் அவரிடம் படித்த பிள்ளைகள் அவர்கள். நான், நான் என்று எல்லாக் கையும் உயரும். ஒரு கைகூடக் கீழே இருக்காது.