இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

இல்ல சார், நியூட்ரல் போட மாட்டேன். உங்க சினேகிதரு சொன்னாருன்னா சொல்லிட்டுப் போறாரு. ஏன்னு கேட்டீங்க, அதுக்குத்தான வரிசையா சொல்லிக்கிட்டு வாரேன். நடுவுல சார்ஜ் எம்புட்டுன்னு கேட்டா வரிசை விட்டுப் போகுது. மறுபடி மொதல்ல இருந்து வாரேன்.

ஒண்ணு. எண்பத்தாறாம் வருசம். நாங்க லாரி ஓட்டுன எஸ்டேட்டுல மொதலாளி டீசல அளந்து ஊத்த ஆரம்பிச்சான். பழனி போய் வர இம்புட்டுத்தான், அதுக்கு மேல செலவானா நீ திருடுனன்னு அர்த்தம். ரெண்டு. எண்பத்தேழு. அளவு மிஞ்சுன டிரைவருக்கு ஒரு வாரம் வேல குடுக்காம ஆபீஸ் வாசல்ல ஒக்கார வச்சான், வாரவன் போறவன் பாக்கட்டும்னு. மூணு. அதே வருசம் ஐப்பசி. இதக் கேக்கச் சங்கம் வச்சேன்னு என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனான். நாலு... நாலு இருக்கட்டும். அதுக்கு ஒரு எடம் இருக்கு, கீழ வரும்.

இப்பச் சார்ஜுக்கு வாரேன். பத்தொம்பது சதவீதம். காலைல வெள்ளனே கரண்டு போயிருச்சு, அம்புட்டுத்தான் ஏறுச்சு. பெருமாள்மலை தாண்டிட்டோம், இனி பழனி வரைக்கும் எறக்கம். தாராளம். நீங்களும் பயப்படாதீங்கம்மா, பின்னால சாஞ்சுக்கங்க. ஹீட்டர நிறுத்திட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க, அது பேட்டரிய உறிஞ்சிரும். அந்தப் பையில போர்வ இருக்கு, தொவச்சதுதான்.

இந்தா பாருங்க, கால எடுத்துட்டேன். வண்டி தன்னாலயே புடிச்சு இழுக்குதா? அந்த இழுவதான் கரண்டாகி உள்ள போகுது. பச்சைக் கோடு ஏறுது பாருங்க. நியூட்ரல் போட்டா இந்தப் புடி கெடையாது. வண்டி சும்மா ஓடும், ஒரு துளி திரும்பாது. பெரேக்க மிதிச்சு மிதிச்சுச் சூடாக்குறதுதான் மிச்சம். எறக்கம் நமக்குத் தாரத வாங்கிக்கிறணும் சார். மேல ஊர்ல நூறு வரைக்கும் ஏத்திக்கிட்டும் எறங்கக் கூடாது. பேட்டரி ரொம்பிக் கெடந்தா வாரத எங்க வாங்கும்? எண்பதோட நிறுத்திருவேன். டயர்க் காத்த வாராவாரம் பாப்பேன். டிக்கில ஒரு வேண்டாத சாமான் இருக்காது. நாப்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன். பின்னால ஆரன் அடிக்கிறானே, அவன் போகட்டும். ஏலே, போ! வெரசாப் போயி என்னத்தப் புடிக்கப் போற!

யாரு சொல்லிக் குடுத்தாவா? ஒருத்தரும் இல்ல. வண்டியோட ஒரு பொஸ்தகம் வந்துச்சு, எழுத்து விடாம வாசிச்சேன். பள்ளிக்கூடத்துல எட்டாப்பு. மிச்சம் பூராவும் துண்டறிக்கைல படிச்சது சார். அடுத்தவன் எழுதுனத வாசிச்சு, அப்பறம் நானே எழுதி. நம்ம நோட்டீசுன்னா பண்ணைக்காடு வரைக்கும் வாங்கி மடிச்சு வச்சுக்கிருவாங்க. இன்னைக்கும் கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டுல தலைவரேன்னுதான் கூப்புடுவாங்க. கூப்புடுவாங்க, பக்கத்துல வந்து ஒக்கார மாட்டாங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டானாம்.

வண்டி என்னுது இல்ல, நதியான்னு என் மக, அது வாங்கிப் போட்டது. பெங்களூர்ல இருக்கு. போன் பேசுறதுக்கு அதுக்கு எங்க நேரம்? ஆனா அது போன்லயே இந்த வண்டியோட சார்ஜ் தெரியுமாம். ராத்திரி ஏறுது, பகல்ல எறங்குதுன்னா அப்பன் உசுரோடதான் இருக்கான்னு அதுக்குத் தெரிஞ்சுபோகும். பெறகு எதுக்குப் போன்? அவ அம்மா போயி ஆறு வருசம். வீட்டுல நானும் சார்ஜர் வயரும்தான்.

இருபத்தொண்ணு. பாத்தீங்களா, ஏறிருச்சு.

அந்தா, அந்த வளைவு. வெள்ளக் கல்லு தெரியுதா? அதான் நாலு. எண்பத்தெட்டு, தை மாசம். மாயன்னு ஒரு பய. அடிவாரத்துக் காட்டு சனம், தேனும் கடுக்காயும் எடுத்துப் பொழைச்சவங்க. அவங்க ஆளுகள்ல மொத லைசென்சு எடுத்தவன் அவன். நாந்தான் கியர் போடச் சொல்லிக் குடுத்தேன். அந்த வளைவுல லாரியோட போயிட்டான். அஞ்சு. மறுநாளே மொதலாளி ஆளுக, காட்டு ஆளு, குடிச்சிருப்பான்னு போலீசுல எழுதி வாங்கிட்டாங்க. அவன் சாராயம் மோந்து பாத்தது கூடக் கெடையாது சார்.

இந்த அஞ்சையும் முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல மேடை மேடையாச் சொல்லிட்டேன். வருசா வருசம் தைல கூட்டம். அவன் பொஞ்சாதி சின்னத்தாய மேடையில நிறுத்தி வைப்பேன். அது எல்லாருக்கும் முன்னால என்னையக் கையெடுத்துக் கும்புடும்.

ஆனா வரிசை தப்பு சார். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. அத எந்த மேடையிலயும் சொன்னதில்ல.

என்னைய வேலைய விட்டு நிறுத்துனதும் ஒரு நோட்டீசு போட்டேன். இன்னும் மனப்பாடம். அளந்து ஊற்றும் டீசலை அளவுக்குள் ஓட்டிக் காட்டுவோம். இறக்கத்தில் எஞ்சினை அணைப்போம். நியூட்ரலில் உருட்டுவோம். ஒரு தொழிலாளிகூட இனி வாசலில் உட்காரக் கூடாது. நல்லா இருக்குல்ல? எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்து லாரில எஞ்சின் ஓடுனாத்தான் பெரேக்குக்குக் காத்து. அணைச்சா நாலு மிதிதான் புடிக்கும், அம்புட்டுத்தான். டிரைவர் எனக்குத் தெரியாதா? தெரியும். வாசகம் ஓடி வந்துச்சு, கை எழுதிருச்சு. மாயன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். நான் எழுதுனா அது சட்டம் அவனுக்கு. ஒடம்ப எடுக்கையில அந்த நோட்டீசு அவன் சட்டப் பையில மடிச்சபடிக் கெடந்துச்சு. போலீசு வாரதுக்கு முன்னால நாந்தான் உருவுனேன். அது மட்டும் இருந்திருந்தா, குடிச்சான்னு யாரும் எழுதியிருக்க முடியாது.

இந்த வருசம் மட்டும் மூணு தடவ சின்னத்தாய் வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். சார்ஜ் கம்மியாக் கெடக்கு, நின்னா ஊர் போய்ச் சேர மாட்டோம்னு எனக்கு நானே சொல்லிக்கிருவேன். இன்னைக்கி இருபத்திரெண்டு, ஊர் போகத் தாராளம். சாக்குப் போச்சு.

அந்தா, வலப்பக்கம் தகரம் போட்ட வீடு. காப்பிக்கொட்டை காயப் போட்டுக்கிட்டு இருக்குல்ல, அதான் சின்னத்தாய். பக்கத்துல அது மக ரேவதி, அப்பன் போகையில கைக்கொழந்தை. ஒரு பத்து நிமிசம் சார். அம்மா, நீங்களும் எறங்குங்க. ஒங்களுக்கு ஒரு சோலியும் இல்ல, கூட நின்னு கேட்டாப் போதும். ஊர்க்காரங்களச் சாட்சிக்குக் கூப்புட்டா, விடுங்க தலைவரேன்னு என் வாய அடைச்சிருவாங்க. நீங்க யாரோ எவரோ. அதான் வேணும்.

எந்திரிக்காத தாயி. கும்புடாத, கையக் கீழ போடு. ரேவதி, நீயும் இரும்மா. இவங்க ரெண்டு பேரும் சாட்சி. நேத்து ஒரு நோட்டீசு எழுதுனேன். வாசிக்கிறேன், கடைசி வரைக்கும் கேளுங்க.

பழனி மலைச் சாலையில் இறந்த ஓட்டுநர் மாயன் குடித்திருக்கவில்லை. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டச் சொன்ன துண்டறிக்கையை நம்பி உருட்டினார். அவர் பையில் இருந்த அதை எடுத்து மறைத்தவரும், அதை எழுதியவரும் ஒருவரே. அவர் பெயர், சேனாதிபதி.