முழுமையான மாணவி

— சொல்லுங்கப்பா, நாய்க் காப்பகத்துல நான் என்ன கத்துக்கிட்டேன்?

— அதாவது கண்ணு, தலைமைப் பண்பு, சமூகப் பொறுப்பு, தன்னலமற்ற...

— இதெல்லாம் பள்ளிக்கூட நோட்டீஸ்லயே இருக்கு. நிஜமா என்ன செஞ்சீங்க?

— மூணுகாலன்னு அங்க ஒரு நாய், அதைக் குளிப்பாட்டினேன்.

— எத்தனை சனிக்கிழமை?

— பதினாலு. அதாவது, முதல் நாலு வாரம் அதுதான் என்னைக் குளிப்பாட்டிச்சு.

— சிரிக்காதீங்கப்பா! நாளைக்குக் காலைல பள்ளிக்கூடக் கமிட்டி முன்னாடி போய் உக்காரணும். படிப்பு, கலை, விளையாட்டு, தொண்டு நாலையும் சரிசமமா வெச்சிருக்கிற 'முழுமையான மாணவி' நான்தான்னு நிரூபிச்சாத்தான் கேடயம் தருவாங்க. இதுல படிப்பைத் தவிர மத்த மூணையும் செஞ்சது நீங்க ரெண்டு பேரும்!

— உனக்குப் பரீட்சைன்னுதானே செஞ்சோம் தங்கம்? நீ படி, உன் பேர்ல நாங்க போறோம்னு அப்பாதானே சொன்னாரு.

— அதாவது, வேலைப் பங்கீடு.

— சரிம்மா, களிமண் வகுப்புல நான் என்ன செஞ்சேன்?

— எட்டு ஜாடி, ரெண்டு கிண்ணம்.

— அலமாரியில ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு நிக்குதே, அதெல்லாம் ஜாடியா?

— சாயல. அது என் பாணி. வாத்தியாரே அசந்துட்டாரு.

— என்ன சொன்னாரு?

— "இந்த மாதிரி ஒண்ணை என் ஆயுசுல பார்த்ததே இல்ல"ன்னாரு.

— அதை நீ பாராட்டுன்னு எடுத்துக்கிட்டியா?

— நீங்க பேசாதீங்க. ஒரு நாய் வாலாட்டினதை மூணு நாளா வீடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு.

— அது எல்லார்கிட்டயும் ஆட்டாதுடி!

— ஐயோ, சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. விளையாட்டுக்கு வாங்க. மொட்டைமாடியில ஸ்கிப்பிங், அறுபது மணி நேரம்னு எழுதியிருக்கு.

— நானும் உங்கம்மாவும் மாறி மாறி. நான் ஒரே மூச்சுல நாப்பது தாண்டுவேன், அவ எண்ணுவா.

— முப்பத்திரண்டு தங்கம். மீதி எட்டுக்குக் கயிறு மட்டும்தான் சுத்திச்சு. இவரு நின்னுக்கிட்டு இருந்தாரு.

— அதான் விஷயமா! கீழ்வீட்டுக்காரர் என்னைப் படியில பார்க்கிறப்பல்லாம் "நீ குதிச்சா எங்க ஃபேன் ஆடுதும்மா, கொஞ்சம் சாப்பாட்டைக் குறை"ங்கிறாரு!

— பார்த்தியா, சாட்சி கூட இருக்காரு. கமிட்டிக்குக் கூட்டிட்டுப் போ.

— விளையாடாதீங்கப்பா. ரெண்டே வழிதான். ஒண்ணு, இந்தச் சனிக்கிழமையிலேருந்து எல்லாத்துக்கும் நானே போறேன். கமிட்டியில ஒரு மாசம் அவகாசம் கேட்டா தருவாங்க, கேடயமும் கிடைக்கலாம். இல்லேன்னா உண்மையைச் சொல்லிடறேன். கேடயம் போயிடும். ஆனா நீங்க ரெண்டு பேரும் உங்க சொந்தப் பேர்லயே போய்க்கலாம்.

— கேடயம் போறதா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு கண்ணு! ஹால்ல ஆணி கூட அடிச்சு வெச்சிருக்கேன்!

— சரி, அப்போ காப்பகத்துக்கு நான் போறேன். ஒரு பேருக்கு ஒரு ஆள்தான். நீங்க வீட்ல இருங்க.

— அதாவது... மூணுகாலனுக்குப் புது ஆள் ஒத்துக்காதே.

— அம்மா, நீங்க?

— இந்த வாரம்தான் கைப்பிடி வைக்கச் சொல்லித் தர்றாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு, கைப்பிடி தெரியாம எப்படி விடறது?

— அப்போ கேடயம்?

— அதை யாரு தினம் தூசி தட்டறது?

— அதானே. அதாவது, அடிப்படையில பார்த்தா கேடயம்ங்கிறது ஒரு தகரம். ஆணியில காலண்டரை மாட்டிக்கலாம்.

— அப்பா! ரெண்டு வருஷமா முழுமை, முழுமைன்னு என் உயிரை வாங்கினது யாரு?

— முழுமை கிடக்கட்டும். உண்மையையே சொல்லிடு, அதுதான் கௌரவம். நீ ரூமைச் சாத்திக்கிட்டு நிம்மதியாப் படி. பரீட்சை நெருங்குது, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்.

— பரீட்சை முடிஞ்சு மூணு வாரமாச்சுப்பா.

— என்னது! சொல்லவே இல்ல?

— முடிஞ்ச அன்னைக்கே சொன்னேன். நீங்க நாய் சோப்பைத் தேடிக்கிட்டு இருந்தீங்க. அம்மா மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டே "ம்"முன்னாங்க.

— அப்போ இந்த மூணு சனிக்கிழமையும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் தங்கம் பண்ணினே?

— தூங்கினேன்மா. இப்பக்கூட, நான் கேட்டவுடனே எல்லாத்தையும் என்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவீங்களோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?