தெலுங்கில் சொன்ன அர்த்தம்

ஆந்திரா தனி மாநிலமாகி, புத்தூர் மாதிரித் தமிழ் பேசும் ஊர்களும் அதில் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு, புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு பெண்கள். ஒருத்தி டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். மற்றவள் மடியில் கைக்குழந்தை.

"இங்கிலீஷ் வரலன்னுதானே பள்ளிக்கூடத்த வுட்டே?" என்றாள் படிக்கிறவள்.

"இங்கிலீஷ் வந்துச்சுடி. புதுசா வந்த சாரு அதுக்குத் தெலுங்குல அர்த்தம் சொன்னாரே, அதான் புரியல."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்கல்லாம் தலையாட்டிக்கினு இருந்தீங்க. எனக்கு மட்டும்தான் புரியலன்னு வெக்கமாப்பூடுச்சு. படிப்பு வேணாம்னு நைனாகிட்ட சொல்லிட்டேன்."

படிக்கிறவள் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணும் புரியலடி. சும்மாதான் தலையாட்டினேன்."

குழந்தைக்காரி அவளையே பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் இருந்திருப்பேனேடி."