யாருக்கும் கோல் வேண்டாம்

தொண்டி போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் முக்காடு போட்டிருந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது.

“அன்னைக்கி யாருமே கோல் போடக்கூடாதுன்னு துஆ கேட்டேன்.”

“ஏங்க்கா அப்படி?” என்றார், திருவாடானையில் ஏறியவர்.

“எம்மவன் சிங்கப்பூருல ஃபுட்பால் ஆடுறான். எதிராளிய கோல் போட விடாம தடுக்குற வேலை. நாட்டு டீமுல சேரணும்னா அந்த நாட்டுக்காரனாகணும்னாக. நம்ம பாஸ்போர்ட்ட ஒப்படைச்சிட்டான். அதுலருந்து அவன் வாப்பா ரெண்டு வருசம் அவன்கிட்டப் பேசல.”

“அய்யோ.”

“பெறகு இந்தியாவோடயே ஆட வேண்டியதாப் போச்சு. இவுக டிவி முன்னால எந்திரிக்காம உக்காந்திருந்தாக. நான் யாருக்குன்னு துஆ கேப்பேன்?”

“யாரு ஜெயிச்சா?”

“யாருமில்ல. ஒரு கோல்கூட விழல. எம்மவன் கடைசியில நொண்டிக்கிட்டே தடுத்தான். ஆட்டம் முடிஞ்சதும் இவுகளே போன் போட்டாக.”

“என்ன சொன்னாக?”

“‘காலு ரொம்ப வலிக்குதாப்பா?’ன்னாக. அல்லாஹ்வுக்கு எத்தனை சுக்ரு செஞ்சாலும் பத்தாது.”

“ஊருக்கு வருவாரா?”

“இன்னைக்கி வாரான். சொந்த வீட்டுக்கு விசா எடுத்துக்கிட்டு வாரான். கூட்டியார இவுக நேத்தே மதுரைக்குப் போயிட்டாக.”