கறுப்பு அங்கியோடு மல்லுக்கு நின்ற அம்மையார்

கடலூர், கெடிலம் மகளிர் கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவர், பேராசிரியர் முனைவர் தி. லோகநாயகி அவர்களின் பணி நிறைவு விழாவில் அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கல்வெட்டையும் கதையாக்கிக் காட்டிய கலையரசியே! குறிஞ்சிப்பாடி ஈன்ற குன்றாத குரலே! மூன்றாம் மாடியில் முகலாயரைப் பற்றி முழங்கினால், முன்வாசல் காவலருக்கும் மூன்று மன்னர்களின் பெயர் மனப்பாடமாகும்படி செய்த முத்தமிழ் முரசே! அம்மையீர், வணக்கம்!

முப்பத்து நான்கு ஆண்டுகள்! சிதம்பரத்தில் விடியலைப் பார்த்துவிட்டு, கடலூரில் முதல் மணி அடிக்குமுன் வந்து நின்றீர்கள். மழை வந்தபோதும் வந்தீர்கள்; மறியல் வந்தபோதும் வந்தீர்கள்; ஆழிப்பேரலைக்குப் பிறகு பாதி மாணவியர் வராதபோதும் வந்து, வராதவர்களின் ஊர் தேடிப் போனீர்கள். உங்கள் அறிவைப் பாராட்டுகிறோம். உங்கள் அயராமையைப் பாராட்டுகிறோம். உங்கள் பொறுமையைப் பாராட்ட ஆசைதான்; அது உங்களிடம் இருந்ததாக இத்துறையில் யாரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை.

சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியவர் என்று பணி நிறைவு பெறும் எல்லாரையும் புகழ்வது வழக்கம். ஊரறியச் சொன்ன சொல்லை, தவறென்று தெரிந்த மறுநாளே ஊரறியத் திருப்பி எடுத்துக்கொண்டவர் என்று புகழ, எங்களுக்கு உங்களைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான், அதில் வரும் மாணவியின் சம்மதத்தோடு, இந்த மேடையில் சொல்லப்போகிறோம்.

"வரலாற்றுக்குள் போய்விட்டால் எல்லாரும் படர்க்கைதான்" என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவர் நீங்கள். ஆகவே கொஞ்ச நேரம் 'நீங்கள்' என்பதை மடித்து வைத்துவிட்டு, 'அவர்' என்றே சொல்கிறோம். நடுவில் எழுந்து திருத்தக் கூடாது.

அது 2004. பட்டமளிப்பு விழா. தகரப் பந்தல், உச்சி வெயில், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு அங்கி. வாழ்த்துரை இரண்டாம் பக்கத்தைத் தாண்டுமுன் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி சரிந்தாள். எல்லாரும் தண்ணீர் தேடி ஓடினார்கள். லோகநாயகி மட்டும் அவளருகே ஓடி, முதலில் அங்கியின் கொக்கியைக் கழற்றினார். பெண் கண் திறந்தாள். அம்மையாருக்குக் கண் சிவந்தது.

மறுநாள் ஆட்சிக்குழுவில் அவர் பேசியது பேச்சல்ல, படையெடுப்பு!

"இது யாருடைய சட்டை தெரியுமா? ஐரோப்பாவில் கல்லுக் கட்டடங்களில், நெருப்பு மூட்ட வழியில்லாத கூடங்களில், குளிரில் நடுங்கிக்கொண்டே பாடம் படித்த பாதிரிமார்களின் அங்கி. முதுகில் தொங்குகிறதே ஹூட் என்று ஒன்று, அது ஒருகாலத்தில் நிஜமாகவே தலைக்குப் போட்ட முக்காடு. முக்காடு தலையைவிட்டு இறங்கி முதுகில் தங்கியது. எவர் எந்தப் படிப்பு, எந்தப் பட்டம் என்று தூரத்திலிருந்தே தெரிய அதன் உள்துணிக்கு நிறம் வைத்தார்கள். வெள்ளைக்காரன் இங்கே பல்கலைக்கழகம் திறந்தபோது பாடத்தோடு சேர்ந்து அதுவும் கப்பலேறி வந்தது. அவன் போய்விட்டான். பனிக்குத் தைத்த சட்டையைக் கெடிலக்கரை வெயிலில் நாம் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்!"

கல்லூரிச் செயலர் சக்கரபாணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா கவுன் போட்டு எடுத்த போட்டோவ கூடத்துல மாட்டலன்னா, பொண்ணு படிச்சிருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல நம்ப மாட்டேங்கறாங்களே!"

தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டும் கொண்டுவந்தார். தோற்றது. அதற்கடுத்த ஆண்டும். அம்மையார் அறைக்குள் நுழைந்ததும் "வந்துட்டாங்க, கவுன கழட்டறதுக்கு" என்று சிரிக்கும் அளவுக்குப் பழகிப்போனது. பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அண்ணாமலை நகரில் ஒரு கருத்தரங்கில் முழங்கினார். வகுப்பில் அங்கியைத் திட்டாத வாரம் கிடையாது. மாணவியர் கைதட்டாத வாரமும் கிடையாது.

2010இல் காற்று திரும்பியது. பட்டமளிப்பு அங்கி நமக்கு எதற்கு என்று நாடெங்கும் பேச்சு கிளம்பியது. சக்கரபாணி செய்தித்தாளை மடித்து மேசையில் போட்டார்.

"சரி மேடம். ஜெயிச்சிட்டீங்க. இனி கவுன் கெடையாது. பதிலுக்கு என்ன கட்டிக்கிட்டு வரணும்னு நீங்களே எழுதிக் குடுங்க."

அந்த நிமிடமே எழுதினார். 'மேலை நாட்டு அங்கிக்கு மாற்றாக, மாணவியர் நம் மரபு உடையான பட்டுப் புடவையில் வருக.' மரபு என்று எழுதிய பேனா நிற்காமல் பட்டு என்றும் எழுதிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை, இனிப்பு சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தோம். பூச்சி அரித்த பழைய அங்கிகள் கழித்துக் கட்டப்பட்டன. வெற்றி! முழு வெற்றி!

விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது கல்லூரி நடைவழியெல்லாம் ஒரே பேச்சு. மயில் கழுத்தா, மாம்பழ மஞ்சளா? கரை ஒரு சாணா, இரண்டு சாணா? யாரும் பட்டம் பற்றிப் பேசவில்லை. அம்மையாருக்கு அதுவும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அன்று மதியம் துறை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ரேகா வந்தாள். முதுகலை வரலாற்றில் முதல் மாணவி, தங்கப் பதக்கத்துக்கு உரியவள். கடலோரக் கிராமத்துப் பெண். தாய் முத்தம்மாள் சந்தையில் மீன் விற்பவர்.

"மேம், நான் விழாவுக்கு வர்ல. சர்டிபிகேட்ட தபால்ல அனுப்பிடச் சொல்லுங்க."

"ஏன்டி? கல்யாணமா?"

"அதுன்னா சொல்லாம இருப்பனா மேம்? முதல் பத்திரிகையே ஒங்களுக்குத்தான்."

"பின்ன என்ன?"

"பொடவ."

அம்மையார் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? யார்கிட்டயாவது வாங்கிக் கட்டிக்கிட்டு வா. ஒரு மணி நேர வேலை."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லுது. எங்க அத்தைகிட்ட ஒண்ணு இருக்கு மேம். கேட்டா குடுக்கும், நல்ல மனசுதான். குடுத்துட்டு விழாவுக்கும் வரும். நான் மெடல் வாங்கறப்ப பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட, 'கட்டியிருக்கு பாரு, அது என் பொடவ'ன்னு சொல்லும். அப்புறம் அந்தம்மா அதுக்குப் பக்கத்துல சொல்லும். மேடையில நான் தெரிய மாட்டேன் மேம். பொடவதான் தெரியும்."

அம்மையார் சிரிப்பை நிறுத்தினார்.

"போன வருசம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல," என்றாள் ரேகா. "கவுன மாட்டிக்கிட்டா எல்லாம் ஒரே காக்கா. உள்ள எவ என்னா கட்டியிருக்கான்னு எவளுக்குத் தெரியும்? அழுக்குத்தான், புழுக்கம்தான், ஆனா ஒரே காக்கா." கதவுவரை போனவள் திரும்பினாள். "ஒங்களக் கொற சொல்லல மேம். நீங்க கவுன திட்டறப்பல்லாம் நானுந்தான் கை தட்டினேன்."

போய்விட்டாள்.

அன்று சிதம்பரம் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தும் அம்மையாருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. அங்கியை யார் போட்டார்கள், எப்படி வந்தது, எந்த நிறம் எதைக் காட்டியது என்று ஆண்டுக்கணக்கில் படித்தவர் அவர். அது எதை மறைத்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

தன் பட்டு ஒன்றையே அவளுக்குக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால், அத்தையின் இடத்தில் தான் போய் உட்கார வேண்டியிருக்கும். அவள் வராமல் போகட்டும் என்று விட்டுவிடலாமா? விட்டால், ஆறு வருட வெற்றி அப்படியே அழகாக இருக்கும்; முதல் மாணவியின் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். ஊருக்கு முன்னால் தோற்பதா, ரேகாவைத் தோற்க விடுவதா? பேருந்து சிதம்பரத்துக்குள் நுழைவதற்குள் அவர் முடிவெடுத்துவிட்டார்.

மறுநாள். செயலர் அறை.

"சார், கவுன் திரும்ப வேணும்."

சக்கரபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். எதிரே நிற்பது அதே அம்மையார்தானா என்று பார்த்துக்கொண்டார்.

"ஆறு வருசமா என் உசுர வாங்கி அத எடுக்க வெச்சதே நீங்கதானே மேடம்! இப்ப கச்சி மாறிட்டீங்களா?"

"மாறிட்டேன்."

"பட்டுதான் பிரச்சினைன்னா, சாதாப் புடவைன்னு மாத்தி நோட்டீஸ் போட்டுடறேன். விட்டது தொல்லை."

"சாதான்னு போட்டாலும் பட்டு இருக்கறவ பட்டுலதான் சார் வருவா. இல்லாதவ மட்டும் சாதாவுல வருவா. வாசல்ல நின்னு ஒவ்வொரு புடவையா நீங்க தொட்டுப் பாப்பீங்களா?"

"வேற வேல இல்ல எனக்கு?" என்ற சக்கரபாணி கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெயிலு? மயக்கம் போட்டு விழுந்தா?"

"விழாவ சாயங்காலம் வெச்சுக்குவோம். கடல் காத்து வரும். வாழ்த்துரைய ஒரு பக்கத்துல முடிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு சார், ஹூட் வேணாம். வெறும் கவுன் போதும்."

"இது என்ன மேடம் பாதிக் கிணறு?"

"ஹூட் காட்டறதுக்கு வந்தது சார். கவுன் மூடறதுக்கு. எனக்கு மூடறது மட்டும் போதும்."

செயலர் சிரித்தார். உதவி செய்கிற சிரிப்பு அல்ல. "ஆட்சிக்குழுவுல நீங்களே எந்திரிச்சு சொல்லணும். நான் வாயத் தெறக்க மாட்டேன். கவுனையும் நீங்களே கொண்டாரணும். கொண்டாரலன்னா பட்டுதான்."

ஆட்சிக்குழுவில் அவர் எழுந்தபோது சிரிப்பு கிளம்பியது. அவர் எழுதிய கட்டுரையையே யாரோ எடுத்துப் படித்துக் காட்டினார்கள். அம்மையார் முழுவதும் கேட்டார். "இதுல சரித்திரம் எல்லாம் சரி. முடிவு தப்பு. தப்பு என்னுது," என்றார். ரேகாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சட்டென்று இரக்கம் கிடைத்திருக்கும். அந்தப் பெண் கேட்டது இரக்கம் அல்ல என்பது அவருக்குத் தெரியும். சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். கை தூக்கச் சொன்னபோது, வாயைத் திறக்க மாட்டேன் என்ற செயலரின் கைதான் முதலில் மேலே போனது.

ஆனால் அங்கி? அண்ணாமலை நகரில், பட்டம் வாங்குவோருக்கு அங்கி தைத்து வாடகைக்குக் கொடுக்கும் தையல்காரர் சடையப்பன் கடைப் படியில் அன்று மாலையே ஏறினார் அம்மையார். சடையப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"கவுனே வேணாம்னு பேப்பர்ல எழுதுன அம்மாதானே நீங்க? எம் பொழப்புல மண்ணு வாரிப் போடப் பாத்தீங்களே!"

"நான்தான். இப்ப எங்க காலேஜ் முழுசுக்கும் கவுன் வேணும் சடையப்பன்."

"வேணாம்னு சொன்ன வாயாலயே கேக்கறீங்க. ஒங்களுக்கு இல்லன்னு சொன்னா எனக்குத்தான் பாவம்," என்றார் அவர். "ஹூட்டு என்ன கலர்ல வேணும்?"

"ஹூட்டே வேணாம்."

"பாத்தீங்களா, அதுலயும் கொஞ்சம் மண்ணு!"

விழாவுக்கு முந்தின நாள் எங்களில் நால்வர் உடன் போனோம். துணி மூட்டைகளைக் கடலூர் பேருந்தின் பின் இருக்கையில் அடுக்கினோம். ஒரு மூட்டை பிரிந்து கறுப்புக் கைகள் வெளியே தொங்கின. நடத்துநர் பார்த்தார். "இன்னாம்மா, சிதம்பரம் வக்கீலுங்களயெல்லாம் மூட்ட கட்டிட்டீங்களா?" பேருந்தே சிரித்தது. அம்மையார்தான் ஜாஸ்தி சிரித்தார்.

2011, பட்டமளிப்பு விழா. மாலை வெயில் இறங்கியிருந்தது. வரிசை கட்டி நின்றார்கள் பெண்கள். தோளிலிருந்து தரைவரை ஒரே கறுப்பு. மயில் கழுத்து எங்கே போனது, மாம்பழ மஞ்சள் எங்கே போனது, யாருக்கும் தெரியாது. முகங்கள் மட்டும் தெரிந்தன. வரிசையின் முதலில் ரேகா.

அவள் கழுத்துக் கொக்கி விட்டுப்போயிருந்தது. அம்மையார் முன்னால் வந்து நின்று அதை மாட்டினார். ரேகா குனிந்து, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும்படி ஆரம்பித்தாள்:

"மேம், உள்ள நான் என்னா கட்டி..."

"சொல்லாதடி," என்றார் அம்மையார். "எனக்கும் தெரிய வேணாம். பேரு கூப்பிடறாங்க, போ."

ரேகா போனாள். அரங்கில் ஒரு குரல், முத்தம்மாளின் குரல், எல்லாக் கைதட்டலுக்கும் மேலே எழுந்தது: "எம் பொண்ணு! அது எம் பொண்ணு!"

அந்தக் கறுப்புத் துணிக்குள் அன்று என்ன இருந்தது என்று அம்மையாருக்கு இன்றுவரை தெரியாது.

அம்மையீர்! படர்க்கை முடிந்தது, உங்களை மீண்டும் உங்களிடமே ஒப்படைக்கிறோம். இனி விடியலில் பேருந்துக்கு ஓட வேண்டாம். விடைத்தாளுக்கு விழிக்க வேண்டாம். அண்ணாமலை நகர் மரநிழலில் உங்கள் துணைவர் திருநாவுக்கரசு ஐயாவோடு ஆறஅமர நடந்து, உண்ட சோறு உடம்பில் ஒட்டி, உறங்கிய உறக்கம் கண்ணில் தெளிந்து, நீங்கள் நீடு வாழ வேண்டும். எதையும் அடித்துப் பேசுவதற்கும், பேசியதில் பிழை கண்டால் அதே அழுத்தத்தோடு மாற்றிப் பேசுவதற்கும் உங்களுக்கு நூறாண்டு போதாது. அதற்கு மேலும் தரும்படி திருவந்திபுரத்துப் பெருமாளிடமும், எங்களில் சிலர் மாதாவிடமும் கேட்டிருக்கிறோம்.

பணிவன்புடன்,
வரலாற்றுத் துறைப் பேராசிரியர்களும் அலுவலகத் தோழர்களும்,
கெடிலம் மகளிர் கலைக் கல்லூரி, கடலூர்.
31 மே 2012