ரெண்டு ஆள் கதவு

இல்லண்ணே, நான் சாட்சி சொல்ல வரல. நானேதான் பார்ட்டி. டைவர்ஸ் கேஸு. ரெண்டு பேரும் சம்மதிச்சுதான். இன்னிக்கு ஜட்ஜ் கூப்புட்டு கடைசியா ஒருதரம் கேப்பாராம், ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சிதாம். எட்டு வருசத்த ஒரு ஆமாவுல முடிக்கறாங்க, நல்ல ஏற்பாடு. நீங்க? பெண்ணாடமா. வரப்புத் தகராறா. அப்ப உங்களுக்கு லேட்டாவும், உக்காருங்க.

இதுவா? கேம்ணே. உள்ளதான் போன் கூடாது, வராண்டால பரவால்ல. பாருங்க, பூரா மணலு. இடிஞ்ச டவுனு. ஒரு ஈ காக்கா கெடையாது. துப்பாக்கி இல்ல, பாயிண்டு இல்ல, எங்க போறோம்னும் சொல்ல மாட்டான். ஒரு ஆளு அது பாட்டுக்கு நடந்துக்கினே இருக்கும். அங்கங்க கதவு, சங்கிலி, தண்ணியில்லாத மதகு. எப்படித் தொறக்கறதுன்னு நாமளே மண்டைய ஒடைச்சிக்கணும். எனக்கு ஒண்ணும் புதுசா தெரில. செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனில ஷிஃப்ட் ஆபரேட்டரு நான். நாள் பூரா குழாய்ங்க நடுவுல தனியா நடந்துட்டு, வீட்டுக்கு வந்து போன்லயும் அதையே நடக்கறேன்.

சிரிக்காதீங்க. கேஸே அதுதான். இந்தாளு பேச மாட்டேங்கறாரு, செவுத்தோட குடும்பம் நடத்தறாப்புல இருக்குன்னு வக்கீல்கிட்ட சொல்லிருக்கா. பேரு சந்திரலேகா. உங்ககிட்ட மட்டும் எப்படி இவ்ளோ பேசறேனா? உங்ககிட்ட எனக்கு என்னண்ணே பயம்? அவகிட்ட வாயத் தொறந்தா தப்பா எதையாவது சொல்லிடுவோமேன்னு சும்மா இருந்தேன். அத திமிருன்னு எடுத்துக்கிட்டா.

கேம்ல அந்த வம்பே இல்ல. யாரும் பேச முடியாது. கூட இன்னொரு ஆளு வரும். பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஒரு மணி அடிக்கலாம், அவ்ளோதான். ஒரு கதவு வரும் பாருங்க, ஒருத்தர் கல்லு மேல ஏறி நின்னாதான் அது மேல தூக்கும், அடுத்தவரு உள்ள பூந்து சங்கிலிய இழுக்கணும். கல்லு மேல நிக்கறவரு பாதில எறங்கிட்டா நாம உள்ளயே மாட்டிக்கிட்டோம். என் கூட்டாளி ஒருநாளும் எறங்குனதில்ல. நான் வழி தெரியாம எவ்ளோ நேரம் முழிச்சாலும் நிக்கும். எந்த வெளிநாட்டுக்காரனோ, என்ன பொறுமைடா சாமின்னு நெனைச்சிக்குவேன். இதுமாதிரி ஒரு சம்சாரம் அமையலயேன்னு கூட தோணிச்சி.

போன வாரம் அந்தக் கூட்டாளி கெளம்பி மணல்ல போவுது, நான் கை தவறி மணிய அடிச்சிட்டேன். வேற யாராருந்தாலும் பதிலுக்கு ஒரு மணி அடிப்பான், இல்லன்னா போய்க்கினே இருப்பான். இது திரும்பி வந்து, முன்ன நின்ன எடத்துலயே செத்த நேரம் உக்காந்துச்சி. அப்பறம் எழுந்து போச்சி. கெளம்பறவங்கள பின்னாலேந்து கூப்புட்டா நம்ம பக்கம் என்ன செய்வாங்க? திரும்பி வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுதானே போவாங்க? லேகா அதுல ரொம்பக் கண்டிப்பு. சாவி எங்கன்னு நான் கத்துனதுக்கே எத்தினியோ பஸ்ஸ விட்டிருக்கா. கேம்ல தண்ணி கெடையாது, அதான் சும்மா உக்காந்திருக்கா.

அப்பறம்தான் ஞாபகம் வந்துது. என் மச்சான் இளவரசு, இவ தம்பி, ஒரு பொங்கலுக்கு வந்தப்ப இத ரெண்டு பேர் போன்லயும் போட்டு ஜோடி சேத்து உட்டுட்டுப் போனான். நாங்க கண்டுக்கவே இல்ல. பிரிஞ்சப்பறம் இவ இங்க சிதம்பரம் வந்துட்டா, நான் கடலூர்லயே தங்கிட்டேன். பொழுது போவாம ஆளுக்கொரு பக்கம் தொறந்திருக்கோம்.

அவளுக்குத் தெரியாதுண்ணே. எப்படிச் சொல்றது, பேசணுமில்ல? அதோ, அந்தக் கோடி பெஞ்சி, ஊதாப் பொடவ, போன பாத்துக்கினு இருக்கா. இங்க பாருங்க, கல்லு மேல யாரு நிக்கறதுன்னு. கொஞ்ச நேரத்துல ஜட்ஜுகிட்ட ஆமான்னு சொல்லப் போறவதான், இப்ப எனக்காகக் கதவத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கறா. எனக்கு அவ வேணும்ணே.

ராஜமாணிக்கம், சந்திரலேகான்னு கூப்புட்டுட்டாங்க. எழுந்துட்டா பாருங்க, உள்ள போறா. கால கொஞ்சம் மடக்குங்கண்ணே. அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடுங்க.

லேகா. ஏம்மா லேகா. எங்க கெளம்பிட்ட?